மேடு வந்த துண்டு

“அப்பாடா, கடைசியில மேடு வந்துடுச்சு,” என்றார் பேராசிரியர் மேங், வரைபடத்தைக் கண்ணருகே பிடித்தபடி.

ஆய்வு மாணவி போராம் எதிரில் நின்றாள். தேஜோன் நகரத்தில் அவர் நடத்தும் ஆய்வகத்தில் ஆறு வருடமாக, நாலைந்து அணு அடுக்கே தடிமனான ஆக்சைடு படலங்களை வளர்ப்பவள். காந்தத்தைக் கூட்டிக் குறைத்து, படலத்தின் குறுக்கே எழும், ‘ஹால்’ எனப்படும் மின்னழுத்தத்தைக் கோடாக வரைவார்கள். கோட்டில் மேடு தெரிந்தால் உள்ளே காந்தச் சுழிகள் இருக்கின்றன என்பது மேங்கின் கட்சி. அவர் பெயர் வாங்கியதே அதில்தான். போராமின் படலங்களில் மேடு வந்ததே இல்லை. அதைச் சொல்லியே இரண்டு முறை அவள் ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார். இன்றும் திருப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“இன்னும் ரெண்டு தாள் இருக்கு சார். அதே படலத் துண்டை ரெண்டா உடைச்சுத் தனித்தனியா அளந்தேன்.”

மேங் புரட்டினார். காபியை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு பாதியில் கோடு மேலே ஏறியது. மறுபாதியில் கீழே இறங்கியது. இரண்டிலும் மேடு இல்லை.

“என்னம்மா இது? பாதி நாலு அடுக்கு, பாதி அஞ்சு அடுக்கா வளர்ந்திருக்கு. ரெண்டு கோடும் கலந்து பொய் மேடு காட்டியிருக்கு. சுழியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.”

“நிச்சயமா சார்?”

“இருபது வருஷமா இதே வேலையா இருக்கேன், என்னையே கேக்குறியா? படலம் சமமா வளர்ந்திருந்தா மேடே வந்திருக்காது. இந்தத் துண்டை வச்சு டாக்டர் பட்டம் கேட்டா ஊரே சிரிக்கும். வெக்கமா இல்ல?”

 நேற்று இதைப் பார்த்ததிலிருந்து போராமுக்குச் சோறு இறங்கவில்லை.

“இது நான் வளர்த்தது இல்ல சார். புதுக் கருவியைச் சரிபார்க்க, அலமாரியில இருந்து பழைய துண்டு எதையாவது எடுத்துக்கோன்னு நீங்கதான் சாவி கொடுத்தீங்க.”

“அப்போ யாரோடது இது? அந்த ஆளை முதல்ல இங்க வரச் சொல்லு.”

அவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியை இரண்டு கையாலும் நீட்டினாள். மூடியில், பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தேதிக்குக் கீழே, அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: ‘மேங், டாக்டர் பட்ட ஆய்வுத் துண்டு.’