ஈட்டி மரப் பெட்டி

துர்காவைப் பெண் கேட்டு நானே போயிருந்தேன். அவள் அப்பா கொளஞ்சிநாதன் விருத்தாசலத்தில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர். மரம் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார் என்று அவள் எச்சரித்திருந்ததால், மூன்று நாள் யூடியூப் பார்த்துத் தேறியிருந்தேன்.

அவர் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். "இது இன்னா மரம், சொல்லுங்க தம்பி?"

தட்டினேன். கணீரென்றது.

"ஈட்டிங்க மாமா. ரேகை ஓடுது பாருங்க. நல்லா வைரம் பாஞ்சிருக்குது, அதான் இந்தக் கனம். நுணுக்கமா செதுக்கலாம், எழச்சா மின்னும். கரையான் அண்டாது."

"அண்டாதுதான். துர்கா காலேஜுல களிமண்ணுல செஞ்சு, மர ரேகை வரைஞ்சு, சூளையில சுட்டது. பீங்கானு."

உள்ளே துர்கா சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

"அது கெடக்குது. தம்பி இன்னா வேல பாக்குறீங்க?"

"செராமிக் கம்பெனியிலங்க," என்றேன். "பீங்கானத் தட்டிப் பாத்துத் தரம் சொல்ற வேல."