ஆறு மாதப் பொறுப்பு

குடும்பம் வெளிநாடு போக இன்னும் ஒன்பதே நாள். மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற இடத்துக்கு மேலே அம்மாவின் பேனா தயங்கி நிற்கிறது. மடியில் மகளின் மூச்சு பூனைக்குட்டிபோல் கீச்சிடுகிறது. சின்ன விரல்கள் நீல இன்ஹேலரின் மூடியைத் திறந்து திறந்து மூடுகின்றன. “ஒண்ணும் இல்லைன்னு எழுது. ஆஸ்துமான்னா சேத்துக்கவே மாட்டாங்க,” என்று கணவர் காதைக் கடிக்கிறார். மேசைக்கு எதிரே இருக்கும் காப்பீட்டு அலுவலகப் பெண் எழுந்து, குழந்தையின் முகத்தில் அடிக்கும் மின்விசிறியை வேறு பக்கம் திருப்புகிறாள். “மறைச்சா, அங்க பாப்பா திணறும்போது கையை விரிச்சிடுவாங்கக்கா,” என்று மெல்லச் சொல்லி, அடுக்கின் அடியிலிருந்து வேறொரு படிவத்தை உருவி நீட்டுகிறாள். “இதுல ஆஸ்துமாவுக்கும் உண்டு. ஆனா முதல் ஆறு மாசம் அதுக்குப் பணம் கிடைக்காது.” அம்மா அவளை நன்றியோடு பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். உதடு மட்டும் அசைகிறது: “ஆண்டவனே, அந்த ஆறு மாசம் உன் பொறுப்பு.”