ஒற்றை ரூபாய்

செவ்வாய் தனிநாடானதும் பூமி அங்கிருந்தவர்களின் வங்கிக் கணக்குகளை முடக்கிவிட்டது. நிதியமைச்சர் பூங்கோதை அச்சடித்த நூறு ரூபாய்த் தாளையோ சீந்துவாரில்லை. மூன்று மாதமாக எதை வாங்கினாலும் தண்ணீரைத்தான் விலையாகக் கொடுத்தார்கள்.

அவர் மகள் கல்யாணத்துக்கும் ஆளுக்கொரு தண்ணீர்க் குடுவையோடுதான் வந்தார்கள். வெல்டர் மாசிலாமணி மட்டும் புதுத் தாளும் கையுமாக மொய் மேசையில் சண்டை பிடித்தார்.

"ஏம்மா, என்ன நாடு நடத்துறீங்க? மொட்டையா நூறு ரூபா மொய் வைக்கிறதா? ஒத்த ரூபாக் காசு அடிக்கத் தோணலையா?"

பூங்கோதைக்கு அந்தத் திட்டு தேனாக இனித்தது.

"நாளைக்கே அடிச்சிடறேண்ணே. முதல் காசு உங்களுக்குத்தான்."

பின்னால் நின்றவர்கள் குடுவைகளைக் கீழே வைத்தார்கள்.

"அப்ப எங்களுக்கு?"