பெலன்

"நீங்கள் வீட்டிலையே இருந்து ஜெபியுங்கோ அக்கா. அவருக்குப் பக்கத்திலை இருக்கிறதும் ஒரு உபவாசம்தான்" என்றார் பாஸ்டர்.

யூனிஸ் கேட்கவில்லை.

"இல்லைப் பாஸ்டர். சபைக்கு வந்து முழங்காலிலை நிண்டால்தான் எனக்குப் பெலன் வரும். இனி எத்தினை மாதம் உந்த மனிசனைத் தூக்கிப் பறிக்கவேணுமோ தெரியாது. முதல்லை எனக்குப் பெலன் வேணும்."

அவளுடைய கணவர் லியோன் பாரிசவாதத்தில் விழுந்து, வியாழக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அச்சுவேலி வீட்டுக்கு வந்திருந்தார். வலது கையும் காலும் இழுத்துவிட்டன. நாக்குத் தடித்துப்போய், ஒரு வசனம் சொல்லி முடிக்க ஒரு யுகம் எடுத்தது.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே ஆஸ்பத்திரித் தாதி படித்துப் படித்துச் சொன்னாள். "ஐயாவாலை எழும்பி இருக்கேலாது அம்மா. மூண்டு மாதத்துக்காவது நீங்கள்தான் ஒவ்வொரு வாயாய்த் தீத்திவிடவேணும்."

அதைக் கேட்டதிலிருந்து யூனிசுக்கு மருந்து மணமும் மூத்திரப் போத்தலுமாகக் கிடந்த அந்த அறைக்குள் போகவே பயமாக இருந்தது. சபையில் பாட்டு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, "பாவம் யூனிஸ் அக்கா" என்று தோளைத் தடவிவிட நாலு பேர் இருக்கிறார்கள். பெலன் தேடிப் போகிறாளா, வீட்டை விட்டு ஓடுகிறாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் உபவாச ஜெபம்.

வெள்ளி விடிய இடியப்பம் அவித்து, சொதி விட்டு, தட்டை மூடி லியோனின் இடது கைப்பக்கம் வைத்தாள்.

"இடது கை நல்லாத்தானே இருக்கு? மெல்ல மெல்ல எடுத்துச் சாப்பிடுங்கோ. மிச்சத்தைக் கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்."

லியோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கதைக்காதேங்கோ, களைப்பீங்கள்" என்றவள், முன் கேற்றைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் வந்து பார்த்தால் தட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"ஸ்தோத்திரம்!" யூனிசுக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலடியில் முழங்காலில் விழுந்தாள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது வீண்போகவில்லை.

"அது வந்து..." என்றார் லியோன்.

"ஓம், ஓம், எனக்குத் தெரியும்" என்று பாலைப் பருக்கிவிட்டு, பசிக்களையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமையும் தட்டு காலி. ஆனால் அன்றைக்கு லியோனின் நெற்றியில் திருநீறு இருந்தது.

பூட்டிய முன் கேற்றால் யாரும் வந்திருக்க முடியாது. யூனிஸ் பின்வளவுக்கு ஓடினாள். வேலியில் ஓராள் குனிந்து நுழையக்கூடிய பொட்டு வழியாகப் பக்கத்து வீட்டு மகாதேவி போய்க்கொண்டிருந்தாள்.

"மகாதேவி, நில்லும்! பூட்டிக் கிடக்கிற வீட்டிலை உமக்கென்ன வேலை?"

"அண்ணையைப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான் அக்கா."

"பாக்க வந்த ஆள் ஏன் திருநீறு பூசினது?"

"கோயில்லை தந்தது. கெதியாய்ச் சுகம் வரட்டும் எண்டு பூசிப்போட்டன். பிழையெண்டால் மன்னியுங்கோ. நான் வந்தது ஏனெண்டால்..."

"ஒண்டும் சொல்லவேண்டாம்! நான் அங்கை தண்ணி வென்னி இல்லாமல் முழங்காலிலை நிக்கிறன். நீர் இஞ்சை களவாய்ப் பூந்து எல்லாத்தையும் குழப்பிறீர். இனி இந்த வளவுக்கை காலடி வைக்கப்படாது!"

மகாதேவி அறை யன்னலை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஞாயிறு விடிய யூனிஸ் கிணற்றடியில் கிடந்த பழைய தகரத்தைத் தனியாளாய்த் தூக்கிவந்து, லியோனின் யன்னலுக்கு நேரே இருந்த பொட்டை மறைத்து, முள்ளுக்கம்பியால் இறுக்கிக் கட்டினாள். மூன்றாம் நாள் பட்டினி உடம்பில் இவ்வளவு பெலன் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே ஆச்சரியம். இடியப்பத் தட்டை இடது கைப்பக்கம் வைத்துவிட்டுச் சபைக்குப் போனாள்.

அன்றைக்குச் சாட்சி சொல்ல எழும்பியவளும் அவள்தான்.

"தீத்தித்தான் விடவேணும் எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவை. ரெண்டு நாளாய் என்ரை மனிசன் தன்ரை கையாலை எடுத்துச் சாப்பிடுறார்! பிளேற்றிலை ஒரு இழை மிச்சமில்லை! நான் பெலன் கேட்டன், கர்த்தர் அவரின்ரை கைக்கே பெலன் குடுத்திட்டார்!"

சபை கைதட்டியது. பின்வரிசையில் ஒரு மனிசி கேவிக் கேவி அழுதாள். அந்தக் கையைப் பார்க்கவேண்டுமென்று எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது.

பின்னேரம் பாஸ்டரும் பத்துப் பன்னிரண்டு பேரும் யூனிசின் பின்னால் அந்த அறைக்குள் நுழைந்தார்கள்.

தட்டின் மூடி திறக்கப்படவில்லை. விளிம்பில் எறும்பு ஊர்ந்தது. லியோனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

யூனிசுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏன் சாப்பிடேல்லை? சபையே வந்து நிக்குது! நேற்றுப்போலை ஒருக்கால் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டுங்கோ."

லியோன் அவளைப் பார்க்கவில்லை. பாஸ்டர் கட்டில் விளிம்பில் அமர்ந்து, அவருடைய வாய்க்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சொல்வதை முடியும்வரை கேட்க ஒருவர் குனிந்தது அப்போதுதான்.

"என்ன ஐயா, சொல்லுங்கோ."

லியோன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அந்தத் தகரத்தைக் கழட்டிவிடச் சொல்லுங்கோ பாஸ்டர்... மகாதேவி வந்து தீத்தினால்தான்... எனக்குச் சாப்பாடு."