நாகஜோதி பிடித்து வைத்த சீட்டு

நாகஜோதி ராஜபாளையத்தில் பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவேன். மத்தியானம் வேப்பமரத்தடியில் அவள் டப்பாவில் ஆளுக்குப் பாதி சாப்பிடுவோம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து இதுதான் வழக்கம்.

நேற்று இந்த செமஸ்டரின் கடைசித் தேர்வு. இதில் அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். நான் ஏறியபோது பை இருந்தது, அவள் இல்லை. பையைத் திறந்து பார்த்தேன். டப்பா நிறையத் தக்காளிச் சோறு, சுடச்சுட இருந்தது.

போன் செய்தேன். "ஏட்டி, எங்க இருக்க?"

"பஸ்லதான். ஒனக்கு சீட்டுப் பிடிச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன், நீதான் ஏறவே இல்ல. பரீட்சை அன்னைக்குமா தூங்குவ, எருமை?"

எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தார். போனுக்குள்ளும் அதே ஹாரன் கேட்டது.

இரண்டு பைகளையும் வாசலில் வைத்துவிட்டுத் தேர்வு எழுதினேன். அவள் இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. ஆப்சென்ட் போட்டார்கள். வெளியே வந்ததும் மறுபடி கூப்பிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் பாஸ் ஆயிருவேன்டி. ஒனக்குத்தான் ஆப்சென்ட் போட்டுட்டாவ. எங்கட்டி போன? வேப்பமரத்தடியில எம்புட்டு நேரம் பாத்தேன் தெரியுமா? பசி தாங்காம இப்பத்தான் சாப்புட்டேன்."

அவள் பை என் தோளில்தான் தொங்கியது. டப்பாவைத் திறந்தேன். சோறு இன்னும் சுட்டது. அதில் என் பாதி மட்டும் இருந்தது.