கவலை பத்தவில்லை

ரேஷன் கடையில் கைரேகைக் கருவி போய், விரல் வைத்தால் கவலையை அளக்கும் கருவி வந்திருந்தது. உண்மையான ஏழை கவலையோடுதான் இருப்பான் என்று, ஏசி அறையில் கூடிய அறிஞர் குழு கண்டுபிடித்திருந்தது.

அமலோற்பவம் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"யக்கா, கவல பத்தலயே. வீட்டுல என்ன விசேஷம்?" என்றான் கடைக்காரன்.

"எம் மவள மாவட்ட கபடி டீம்ல எடுத்துட்டாங்க."

"அத இப்ப மறங்க. இல்லன்னா அரிசி கெடையாது."

வரிசையில் நின்ற பெண்கள் வழக்கம்போல் உதவிக்கு வந்தார்கள். "ஒங்கூர ஒழுகுதுல்லா, அத நெனச்சுப் பாரு." "ஒம் புருசனுக்கு மறுபடி வேல போச்சாமே."

அவள் கண்ணை மூடி, கூரையையும் புருஷனையும் மெனக்கெட்டு நினைத்தாள். விளக்கு பச்சையாகும் நேரத்தில், மகள் எதிரணிக்காரியின் காலைப் பிடித்து இழுத்தது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டாள். மறுபடியும் சிவப்பு.

"மவளுக்குக் காலு ஒடிஞ்சா என்ன செய்யன்னு நெனைங்க யக்கா. பட்டுன்னு பச்ச எரியும்."

அமலோற்பவம் விரலை எடுத்துவிட்டுப் பையைச் சுருட்டினாள்.

"அத மட்டும் நெனைக்க மாட்டேன் தம்பி. நாளைக்கு வாரேன். இன்னைக்கு உல வைக்கலன்னா, காலைல கவல தானா வந்துரும்."