ஈரக்காற்று

"பார்த்து இறங்குங்க சார், படியில பாசி."

கை கொடுத்தவர் படகுத்துறைக் காவலர். அதிகாரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தீவில் காலை வைத்தார். வெயில் சுளீரென்று நெற்றியில் அடித்தது. அடுத்த நொடியே தென்னைகளுக்குள்ளிருந்து ஒரு காற்று வந்து முகத்தைத் துடைத்துவிட்டது. என்ன பூவோ தெரியவில்லை, வாசனை ஆளைத் தூக்கியது.

அவர் ஊர் சுற்ற வந்தவரல்ல. அலுவலகத்தில் அவருக்குக் 'கத்திரிக்கோல்' என்று பட்டப்பெயர். ஆள் ஏறாத படகுத் தடம் எதுவானாலும் அவர் மேஜைக்கு வந்தால் தீர்ந்தது கதை. இப்போது இந்தத் தீவின் முறை. ஆள் நடமாட்டம் இருந்தால் படகு ஓடும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு நிறுத்தம். அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யத்தான் வந்திருந்தார்.

துறையில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அறை வாசலில் அவள் கழற்றிவிட்ட ரப்பர் செருப்பு. வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது. ஊரில் மற்றவர்கள் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, பாதிப் பேர் மீன் பிடிக்கவும் மீதிப் பேர் தூங்கவும் போயிருப்பதாகச் சொன்னாள்.

தோப்புக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை ஓடியது. அதில் போகலாமே என்றார் அதிகாரி. அங்கே பாம்பு நடமாட்டம் என்று சொல்லி, காவலர் அவரைக் கடலோரமாகவே சுற்றி அழைத்துப் போனார்.

நடை என்றால் அப்படியொரு நடை. பத்தடிக்கு ஒரு தரம் காவலர் நின்றார். இந்தக் கிளிஞ்சலைப் பாருங்கள், அந்த நண்டு வளையைப் பாருங்கள் என்றார். ஒரு வளைவில் பாறையைத் துண்டால் தட்டி, உட்காரச் சொல்லி, கண்ணை மூடி அலையைக் கேளுங்கள் என்றார். கோப்புகளோடு மாரடித்தே காலம் போய்விட்ட அதிகாரி, சொன்னபடி கண்ணை மூடினார். அலை வந்தது, போனது. தன் பெயரும் பதவியும் அதோடு போய்விட்டதுபோல் இருந்தது. மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

தேநீர்க் கடையில், தலையில் ஈரத்துண்டு சுற்றிய ஒரு பெண் அடுப்புப் புகைக்குள் நின்றிருந்தாள். தேநீரை நீட்டிய கை ஏறி இறங்கியது.

"என்னம்மா, இப்படி மூச்சு வாங்குது?"

"ஈரக்காத்து சார்" என்று காவலர் முந்திக்கொண்டார். "இங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

தேக்கரண்டி கீழே விழுந்தது. அதிகாரி குனிந்து எடுத்தார். நிமிர்ந்ததும் எதையோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் தேநீரைக் குடித்தார். நல்ல தேநீர். இன்னொன்று கேட்டு வாங்கி, அதையும் ஆற அமரக் குடித்தார்.

மறுபடி நடந்தபோது குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்.

"ஒரே மக சார். அக்கரையில ஆஸ்பத்திரி வேலை. சனிக்கிழமை படகுல வருவா, திங்கக்கிழமை படகுல போவா. அந்த ரெண்டு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் விடியுது." காவலர் கடலைப் பார்த்தார். "படகு நின்னா அவ வர முடியாது. இந்த மண்ணை விட்டுட்டு எங்களாலயும் போக முடியாது."

"வீட்டம்மா?"

"அவ இன்னைக்குக் கொஞ்சம் வேலையா இருக்கா சார்."

சிறிது தூரம் போனதும் அதிகாரியே ஒரு மரத்தடியில் நின்றார். கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்காரலாம் என்றார். மேலேயிருந்து மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்று அவர் வழுக்கையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"அந்தத் தோப்புப் பாதையில நிஜமாவே பாம்பு இருக்கா?" என்று திடீரென்று கேட்டார். குரலில் கவலை இருந்தது.

"அதெல்லாம் கிடையாது சார். அதாவது... இந்த நேரத்துல கிடையாது."

"அப்பச் சரி."

மருந்தகத்தில் முகக்கவசம் போட்ட நர்ஸ் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. அதிகாரி பாவம் பார்த்து, எழுந்திருக்க வேண்டாம் என்று கையமர்த்தினார். அங்கிருந்து வாசகசாலைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஒரு நண்டு வளைக்குள் போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்து பார்த்தார். வாசகசாலையில் ஒருத்தி செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தாள். தாள் புஸ் புஸ்ஸென்று உப்பி அடங்கியது. அவர் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டார்.

மாலைப் படகு வந்தது. கடல் முழுக்கச் செம்பொன்னாகக் கிடந்தது. இவ்வளவு அழகை விட்டுவிட்டு மேஜைக்குத் திரும்ப வேண்டுமே என்று அதிகாரிக்கு உள்ளுக்குள் வலித்தது.

"சார், படகு..." என்று காவலர் இழுத்தார்.

"ஓடும். ஆள் நடமாட்டம்தான் நல்லா இருக்கே."

காவலர் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. படகு துறையை விட்டு நகர்ந்ததும் அதிகாரி எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டிக்கெட் கொடுத்தவங்க, டீ போட்டவங்க, நர்ஸம்மா, பேப்பர் படிச்சவங்க, நாலு பேருக்கும் என் கணக்குல புதுச் செருப்பு வாங்கிக் கொடுங்க. ஊக்கு கால்ல குத்திடப் போகுது."

காவலர் திகைத்து நிற்க, அவர் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்:

"ஒரு ஜோடி போதும்."